பேனையைத் தொடாதே

சுபாஷினியின் வீட்டில் எதையும் திருப்பிப் பார்க்காமல் கைநீட்டி வாங்கும் வழக்கம் இல்லை. கொட்டாஞ்சேனையில் அவர்கள் இருக்கும் ஒழுங்கைச் சந்துக்கு மீன்காரன் வந்தால், அவளுடைய அப்பா சுடலைமுத்து மீனின் செவுளைக் கிளப்பிப் பார்ப்பார். அது ஊரே செய்வதுதான். சுடலைமுத்து மீன்காரனின் முகத்தையும் ஒருதரம் நன்றாகப் பார்ப்பார். பக்கத்து வீட்டில் இருந்து பலகாரம் வந்தால் "என்னா விசேஷம்?" என்று கேட்பார். விசேஷம் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டால் போச்சு, அந்தப் பலகாரம் பொழுதுபடும்வரை மேசையில் தனியாகக் கிடக்கும். தேயிலைத் தோட்டத்தை விட்டுக் கொழும்புக்கு வந்த புதிதில் யார் யாரோ அந்த மனுஷனை ஏமாற்றியிருக்கிறார்கள், அவரைக் குறை சொல்வதற்கில்லை. மகளுக்கும் அது அப்படியே ஒட்டிக்கொண்டதுதான் சங்கடம்.

அதனால் சனிக்கிழமை பின்னேரம் பஹ்மா போனில் அழைத்தபோது, சுபாஷினி "ஹலோ" என்று சொன்னதிலேயே பாதி சந்தேகம் இருந்தது.

"சுபா, நான் செல்றதக் கேளு. நாளைக்கு அங்க ஒரு மட்டையும் பேனையும் தருவாங்க. நீ அந்தப் பேனையத் தொடவே வாணாம்."

"ஏன்?"

"ஏன் எண்டு கேக்காத. தொடாத. அவ்வளவுதான்."

"அப்ப கேட்டல் பகுதியில? நோட்ஸ் எடுக்கிறது?"

பாமன்கடையில் பஹ்மாவின் வீட்டு மின்விசிறி சுற்றுவது போனில் கேட்டது.

"எழுதாட்டி ஒண்டும் கொறையாது. காதக் குடுத்துக் கேட்டுக்கொண்டு இரி."

"சரி, உனக்கு மார்க்ஸ் எவ்வளவு? முடிஞ்ச உடன ஸ்க்ரீன்ல காட்டும் எண்டாங்களே."

"அத நான் பொறகு செல்றன்" என்றாள் பஹ்மா. பிறகு உம்மா கூப்பிடுவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

இரண்டு வருடம் வெள்ளவத்தை டியூஷன் வகுப்பில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவர்கள் இவர்கள். உயர்தரப் பரீட்சை எழுதி, இரண்டு பேருக்கும் அரசாங்கப் பல்கலைக்கழகம் மயிரிழையில் தவறிப் போனது. அதற்குப் பிறகுதான் அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் கொழும்புக் கிளை கண்ணில் பட்டது. அங்கே இயன்மருத்துவம் படிப்பிக்கிறார்கள். காசு கட்டிப் படிப்பதென்றால் இரண்டு வீட்டாராலும் கனவிலும் முடியாது. ஆனால் ஆண்டுதோறும் ஒரேயொரு பிள்ளைக்கு முழுவதும் இலவசம். அந்த ஓர் இடத்துக்குத்தான் இந்தக் கணினிப் பரீட்சை. பஹ்மாவுக்குச் சனிக்கிழமை, சுபாஷினிக்கு ஞாயிற்றுக்கிழமை. கிடைக்காவிட்டால் சுபாஷினிக்கு ஜிந்துப்பிட்டிப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் காசாளர் வேலை தயாராக இருந்தது. அப்பா முதலாளியிடம் சொல்லிவைத்தாயிற்று.

பரீட்சையில் எல்லோரும் பயப்படுவது கேட்டல் பகுதிக்குத்தான். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு விரிவுரையைக் கேட்க வேண்டும். ஒரேயொரு தரம்தான் ஓடும். அது முடிந்த பிறகுதான் கேள்விகள் திரையில் வரும். குறிப்பெடுக்க லமினேட் பண்ணிய வெள்ளை மட்டையும் ஒரு மார்க்கர் பேனையும் தருவார்கள். விரும்பினால் எழுதலாம், விரும்பாவிட்டால் விடலாம். எழுதினால் எழுதும் நேரத்தில் அடுத்த வசனம் காதில் விழாது. எழுதாவிட்டால் கடைசியில் பெயரும் காரணமும் ஒன்றோடொன்று குழம்பிவிடும்.

குறிப்பெடுப்பதில் சுபாஷினியை அடிக்க அந்த வகுப்பிலேயே ஆள் கிடையாது. அப்படிப்பட்டவளிடம் பேனையைத் தொடாதே என்றால்?

"அவளும் அதே சீட்டுக்குத்தானே எழுதுறா?" என்றார் சுடலைமுத்து, கதையைக் கேட்டுவிட்டு.

"ம்."

"அப்பறம் ஏன் அவ ஒனக்கு வழி சொல்றா? யாரு புள்ள சும்மா சொல்லுவா? மார்க்க வேற மறைக்கிறா."

சுபாஷினியும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படி நினைக்க இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவள் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். போன கிழமை, இந்தப் பரீட்சைக்கென்று வைத்த வகுப்பு முடிந்து டியூஷன் படியில் இறங்கும்போது பஹ்மா கேட்டாள்: "சுபா, நீ எப்பிடி இவ்வளவு கெதியா நோட்ஸ் எழுதுற? அதுக்கு ஏதும் வழி ஈக்கா? எனக்கும் செல்லித் தாயேன்." சுபாஷினியிடம் வழி இருந்தது. நடுவில் ஒரு கோடு, இடப்பக்கம் பெயர்கள், வலப்பக்கம் காரணங்கள், ஒன்றில் இருந்து மற்றதற்கு அம்பு, முழுச்சொல் எதுவுமே இல்லை. தானே கண்டுபிடித்து, எழுதும்போது இடக்கையால் மறைத்து வைத்திருந்த வழி. "வழி ஒண்டும் இல்லடி, வாறத எழுதுறன்" என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆகவே தன் நாழியை வைத்துத்தான் அவள் இப்போது பஹ்மாவையும் அளந்தாள். நான் மறைத்தேன், அவள் மறைக்கமாட்டாளா?

ஞாயிறு காலை வெள்ளவத்தையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். பஹ்மா தொடாதே என்கிறாள் என்றால், தொடுவதில்தான் காரியம் இருக்கிறது.

பரீட்சை நிலையம் காலி வீதியில் ஒரு புடவைக்கடைக்கு மேலே. படியேறிப் போனால் கண்ணாடிக் கதவு, அதற்குள்ளே ஏ.சி. குளிர். வாசல் மேசையில் இருந்தவரின் சட்டையில் ரெனால்ட் என்று பெயர் குத்தியிருந்தது. அவர் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கொஞ்சம் தமிழிலும் எல்லோரையும் ஒரே மாதிரிச் சிரித்து வரவேற்றார். ஒரே மாதிரிச் சிரிப்பவர்களைச் சுபாஷினிக்குப் பிடிக்காது. போன், கைக்கடிகாரம், தலையில் குத்தியிருந்த கிளிப் எல்லாவற்றையும் கழற்றி ஒரு பெட்டிக்குள் போடச் சொன்னார். சாவியைக் கையில் வாங்கியதும் அவள் பெட்டியை இன்னொருதரம் இழுத்துப் பார்த்தாள்.

பிறகு கையெழுத்துப் போட ஒரு தாள். மற்றவர்கள் எல்லாம் பார்க்காமலே கிறுக்கிவிட்டுப் போனார்கள். இவள் ஒவ்வொரு வரியாக வாசித்தாள். பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். உள்ளே நடந்த எதையும் வெளியே யாருக்கும் சொல்லமாட்டேன் என்று ஒரு வரி இருந்தது. அதையும் வாசித்தாள். ஆனால் அவள் தேடியது வேறு. பின்னால் காசு கேட்கும் வரி எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்றதும் கையெழுத்துப் போட்டாள்.

உள்ளே ஒவ்வொரு கணினிக்கும் மேலே ஒரு கமெரா. அதை இங்கே யாரும் பார்ப்பதில்லையாம், எங்கோ வெளிநாட்டில் இருந்து பார்க்கிறார்களாம். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேற்பார்வைக்கார மெடம் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சுபாஷினியின் மேசையில் வெள்ளை மட்டை, அதன்மேல் மார்க்கர். அவள் மட்டையைத் திருப்பிப் பார்த்தாள், சரித்துப் பார்த்தாள். முன்னால் எழுதியவர்களின் எழுத்து ஏதும் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. அதுவும் அவளுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

ரெனால்ட் நடுவில் நின்று விதிகளை வாசித்தார். "திரையில கிளொக் ஓடத் தொடங்கும் வரைக்கும் மட்டையில ஒண்டும் எழுதக் கூடாது." அவளும் கேட்டாள், தலையையும் ஆட்டினாள். பிறகு, இந்த மார்க்கர் காய்ந்துபோன மார்க்கரோ என்ற சந்தேகம் வந்தது. மூடியைக் கழற்றினாள்.

பேனை வேலை செய்தது. மட்டையின் உச்சியில், நடுவில், அழகான ஒரு பிள்ளையார் சுழி விழுந்திருந்தது. அடியில் இரண்டு கோடும் போட்டாயிற்று.

அவளைக் கேட்டால், ஒன்றும் எழுதவில்லை என்றுதான் சத்தியம் பண்ணியிருப்பாள். முதலாம் வகுப்பில் இருந்து எந்தத் தாளை எடுத்தாலும் கை முதலில் அதைத்தான் போடும். வீட்டில் மரக்கறி வாங்கத் துண்டு எழுதினாலும் மேலே சுழி, கணக்குப் பாடத்துக்கு ரஃப் தாள் எடுத்தாலும் மேலே சுழி. செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போவது மாதிரி அது. செருப்பைக் கழற்றுவதை யாராவது ஒரு வேலையாக எண்ணுவார்களா?

ரெனால்ட் பக்கத்தில் வந்து நின்றார். சிரிப்பைக் காணவில்லை.

"நங்கி, தங்கச்சி, இது என்ன?"

"ஒண்டும் இல்ல" என்றாள் சுபாஷினி. அதைவிடப் பிழையான பதில் உலகத்தில் இருக்க முடியாது.

அவர் மட்டையைத் தூக்கினார். மேலே கமெராவை ஒருதரம் பார்த்தார். "கொஞ்சம் இருங்க, கைய மேசைக்கு மேல வையுங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் போனார். மெடம் மட்டையை வாங்கித் தூரப்பிடித்துப் பார்ப்பதும், சிங்களத்தில் ஏதோ கேட்பதும், திரும்பி இவளைப் பார்ப்பதும் தெரிந்தது. சத்தம் மட்டும் கேட்கவில்லை.

சுபாஷினி சொன்னபடியே கைகளை மேசைமேல் வைத்தாள். வெளியே போடப்போகிறார்கள். மருந்துக்கடை முதலாளியின் முகம் கண்முன்னே வந்தது. அதற்குப் பின்னாலேயே பஹ்மாவின் முகம். இவர்கள் ஏன் இத்தனை பேரை விட்டுவிட்டு நேரே என்னிடம் வந்தார்கள்? யாரோ முன்கூட்டியே சொல்லிவைத்திருக்க வேண்டும். சனிக்கிழமை இங்கே வந்துபோனவள் ஒருத்திதானே எனக்குத் தெரிந்தவள்! பேனையைத் தொடாதே என்று சொல்லிவிட்டால் கட்டாயம் தொடுவேன் என்று அவளுக்குத் தெரியும். என்னைத் தெரிந்துதான் செய்திருக்கிறாள், பாவி. ஆத்திரத்தில் அவளுக்குக் கண் எரிந்தது. அழக்கூடாது, அழுதால் அதையும் கமெரா பிடிக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

ரெனால்ட் திரும்பி வந்தபோது ஒரு கையில் துடைத்த மட்டையும் மறுகையில் ஒரு சிறிய கடதாசியும் இருந்தன. கடதாசியை அவள் முன்னால் வைத்தார். கீழே இருக்கும் புடவைக்கடையின் பில். கடைப் பெயருக்கும் மேலே, உச்சியில், அச்சடித்த பிள்ளையார் சுழி.

"நீங்க போட்டது இதுதானே?"

"ஓம்."

"சாமிக்குப் போடுறது?"

"ஓம், ஓம். எங்கட ஆக்கள் எல்லாரும் போடுவாங்க. நான் வேணுமெண்டு..."

"தெரியும் நங்கி, பயப்பட வேணாம்." அவர் குரலைத் தணித்தார். "நேத்து ஒரு பிள்ளை இதையே போட்டது. எங்களுக்கு விளங்கல்ல. கேட்டல் பகுதி தொடங்கின நேரம் கேமரா பாக்குறவங்க கூப்பிட்டு இது ஏதோ கோட் எண்டாங்க. அந்தப் பிள்ளைய அனுப்பிட்டோம். அப்ப பக்கத்து சீட்ல இருந்த நங்கி ஒராள், ஸ்கார்ஃப் போட்ட நங்கி, எழும்பி நிண்டு ஒரே சண்டை. அது கோட் இல்ல, கடவுளுக்குப் போடுறது எண்டு. உக்காருங்க, உங்கட கிளொக் ஓடுது எண்டு நான் சொல்லுறன், கேக்கவே இல்ல. பாவம், அவட கேட்டல் பகுதியில முன்பக்கம் அப்பிடியே போயிட்டு."

சுபாஷினி பில்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டெஸ்ட் முடிஞ்சும் போகல்ல. கீழ கடைக்குப் போய் முகம் துடைக்கிற லேஞ்சி ஒண்டு வாங்கி, இந்த பில்ல கொண்டுவந்து மெடத்துக்குக் காட்டினா. நாளைக்கு என்ட கூட்டாளி ஒராள் வாறா, அவட கை அவளக் கேக்காமலே இத போடும், அவள வெளிய போட வாணாம் எண்டு. மெடம் மெயில் பண்ணி அந்தப் பக்கம் ஓம் எண்டு பதில் வாற வரைக்கும் வாசல்லயே இருந்தா." அவர் பில்லை மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டார். "அந்தக் கூட்டாளி நீங்கதான் போல. சரி, இனி கிளொக் ஓடும் வரைக்கும் பேனைய தொட வேணாம்."

பேனையைத் தொடாதே. அதே சொல்தான்.

திரையில் கிளொக் ஓடத் தொடங்கியது. வாசிப்புப் பகுதி எப்படிப் போனதென்று பிறகு கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. கண் வாசித்தது, கை சரியான இடத்தில் அழுத்தியது. நெஞ்சுக்குள் மட்டும் ஏதோ ஒன்று ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்றது.

கேட்டல் பகுதி வந்தது. ஹெட்போனை மாட்டினாள். மார்க்கர் மட்டையின்மேல் கிடந்தது. இப்போது எழுதுவதா, விடுவதா? நேற்று முழுக்க இதே கேள்வியைத்தான் புரட்டிக்கொண்டிருந்தாள், ஆனால் நேற்றைய கேள்வி வேறு. பஹ்மா என்னைக் கவிழ்க்கப் பார்க்கிறாளா என்பதுதான் நேற்றைய கேள்வி. அது தீர்ந்துவிட்டது, வெட்கக்கேடாகத் தீர்ந்துவிட்டது. அவள் தொடாதே என்றது இந்தச் சுழிக்காகத்தான், அந்த ஆபத்தும் தாண்டிவிட்டது. இனிமேல் எழுதாமல் இருந்தால் அது பஹ்மாவுக்குச் செய்யும் மரியாதையா? ஒருத்தி தன் நேரத்தைக் கொடுத்து வாங்கித் தந்த பேனையைச் சும்மா போட்டுவைக்கவா?

விரிவுரை தொடங்கப்போவதாகத் திரையில் எழுத்து வந்தது. சுபாஷினி மேசைக்கு அடியில், முழங்காலில், விரலால் ஒரு சுழியைப் போட்டுக்கொண்டாள். அதை எந்தக் கமெராவாலும் பிடிக்க முடியாது. பிறகு பேனையை எடுத்து மட்டையின் நடுவில் ஒரு கோடு கிழித்தாள். இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் காரணம், நடுவில் அம்பு. அன்று அவள் எழுதிய மாதிரி என்றைக்கும் எழுதியதில்லை. மறைக்கவேண்டும் என்ற நினைப்பே வரவில்லை, இடக்கை தன்பாட்டில் மடியில் கிடந்தது.

முடிந்ததும் திரையில் பகுதி பகுதியாகப் புள்ளி வந்தது, கடைசியில் மொத்தம். எண்பத்தாறு. அவளே இரண்டுதரம் கூட்டிப் பார்த்தாள்.

படியிறங்கி வந்தால், புடவைக்கடை வாசலில், வெயிலுக்குப் பையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு பஹ்மா நிற்கிறாள். அத்தனையும் கேட்டுவிட்டு வந்த பிறகும் சுபாஷினிக்கு முதலில் தோன்றியது, இவள் ஏன் வந்தாள் என்பதுதான். பழகின புத்தி ஒரு காலையில் போய்விடுமா?

"ஒன்ன வெளிய போட்டுட்டாங்களோ எண்டு பாக்க வந்தன்" என்றாள் பஹ்மா. "போட்டிருந்தா மேல ஏறி இன்னொரு சண்டை புடிக்கோணும். இண்டைக்கு அந்த ரெனால்ட் அய்யாட ட்யூட்டியோ எண்டுகூடத் தெரியாது. எத்தின?"

"எண்பத்தாறு."

"அல்ஹம்துலில்லாஹ்!" பஹ்மா அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள். உண்மையான சந்தோஷம்தான். சுபாஷினி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் உள்ளே வேறெதுவும் அகப்படவில்லை.

"உனக்கு?"

"எழுவத்தொம்பது." பஹ்மா வீதியைப் பார்த்தாள். "நேத்து சென்னா, ஏன் கொறஞ்ச எண்டு நீ கேப்பாய். கேட்டா உள்ள நடந்ததச் செல்லோணும். ஒண்டும் செல்லமாட்டன் எண்டு சைன் வெச்சீக்கனே."

"சுழி போடாத எண்டு ஒரு சொல்லு சொல்லியிருக்கலாமே!"

"அதச் சென்னா நடந்ததச் சென்ன மாதிரித்தானே. அதான் பேனையத் தொடாத எண்டன். எழுதாட்டி கொறையாது எண்டது மட்டும் பொய். நான் எழுதினன்."

"எழுதினியா?"

"பின்ன? கோடு கிழிச்சி, அம்பு போட்டு. கடைசிப் பாதியாவது தப்பினது அதாலதான்."

காலி வீதியில் ஒரு பஸ் நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போயிற்று.

"பஹ்மா, நான் அண்டைக்கு உன்னட்ட பொய் சொன்னன். வழி ஒண்டும் இல்ல எண்டு."

"தெரியும்."

"தெரியுமா?"

"ரெண்டு வருஷம் பக்கத்தில இருந்தவளுக்குத் தெரியாதா? நீ கையால தாளத்தான் மறைச்ச. பேனை போற போக்க மறைக்கேலுமா? மொத வருஷமே நான் படிச்சிட்டன்."

"அப்ப ஏன் அண்டைக்குக் கேட்ட?"

பஹ்மா பைக்குள் கைவிட்டாள். எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"நீ செல்லித் தருவியோ எண்டு பாத்தன்" என்றாள்.

அதில் கோபம் இருக்கவில்லை. கோபம் இருந்திருந்தால் சுபாஷினி தாங்கிக்கொண்டிருப்பாள். காலையில் இருந்து கமெராவுக்குப் பயந்து அடக்கி வைத்திருந்த அழுகை, காலி வீதியில், அவ்வளவு சனத்துக்கு நடுவில் வந்தது. பஹ்மா பைக்குள் இருந்து ஒரு புதிய லேஞ்சியை எடுத்து நீட்டினாள். கடையின் ஸ்டிக்கர்கூட இன்னும் கழற்றப்படாமல் மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. சுபாஷினி அதைத் திருப்பிப் பார்க்காமல் வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.